அண்டா எடுக்கப் போன இஸ்ரவேல் சொன்னது

பன்னிரண்டு வருஷமாக நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன், தம்பி. என் அண்ணன் சாகும்போது சொன்னதாக ஒருவர் வந்து எனக்குச் சொன்ன ஒரே ஒரு வரி. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன். அதை நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. நம்பாமல் இருக்கத் தைரியம் வரவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள். உங்களுக்கு அவசரமில்லையே? பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு ஆள் தேடி உங்கள் சேகரத்துக் கோயிலிலிருந்து வந்திருக்கிறீர்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பேச வேண்டும். பிதாவே இவர்களுக்கு மன்னியும் என்கிற முதல் வார்த்தைக்குச் சத்தியநேசன் சாரைக் கேளுங்கள், மன்னிப்பைப் பற்றி அவரைப் போலப் பேச ஆளில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தப்பாகச் சொல்லவில்லை. எங்கள் கோயிலில் பதினான்கு வருஷம் முதல் வார்த்தை என்னுடையதுதான். சபையில் பாதிப் பேர் அழுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அழுவார்கள். பிறகு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று வாசலில் நின்றபடியே கேட்டீர்கள். நின்றுகொண்டு கேட்கிற விஷயம் இல்லை அது.

அண்ணன் பெயர் குணசீலன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வாத்தியார் வேலைக்குப் படிக்க வைத்தது அவர்தான். கோயிலில் அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பெரிய வெள்ளி ஆராதனை முடிந்ததும் உபவாசம் இருந்தவர்களுக்குக் கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவோம். பச்சரிசிக் கஞ்சி, தேங்காய்த் துருவல், காணத் துவையல், அதான் கொள்ளுத் துவையல். அந்தக் கஞ்சியைக் கிண்டுவது அண்ணன். அதற்கான பித்தளை அண்டாகூட வருஷம் முழுக்க அவர் வீட்டில்தான் கவிழ்த்துக் கிடக்கும். நான் பிரசங்கம் முடித்து வெளியே வந்தால், கரண்டியோடு நின்றுகொண்டு என்னைச் சீண்டுவார். நீங்க ஏழு பேரு மூணு மணி நேரம் பேசுனது எத்தனை பேருக்கு நாளைக்கு ஞாபகம் இருக்குன்னு கேளு, கஞ்சியில உப்பு கம்மியா இருந்தது அடுத்த வருஷம் வரைக்கும் ஞாபகம் இருக்கும்டே என்பார். அப்படி ஒரு ஆள்.

அவருக்கு ஒரே மகள், பியூலா. அவள் திருநெல்வேலியில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனைப் பிடித்துப்போய், பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் நம் சபை இல்லை. அண்ணன் தடுக்கவில்லை. தடுக்காததோடு நிறுத்தாமல், நேரே போய் சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். எங்கள் சபையில் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கோயிலுக்கு வெளியே நடந்த கல்யாணத்துக்குப் பெற்றவர் துணைபோனால், அவரை அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பார்கள். அவர் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்கள் முடிவதற்குள் பெரிய வியாழன் அன்று மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். இரண்டு வரிக் கடிதம்.

சபைக் கமிட்டியில் ஒன்பது பேர். நானும் ஒருவன். தீர்மானம் மேசைக்கு வந்தபோது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பேனாவை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். முதல் கையெழுத்து என்னுடையது. சொந்த அண்ணன் என்று பார்த்தான் என நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது இல்லையா? எங்கள் சபைக் குருவான ஐயர் என் தோளைத் தட்டி, உங்களைப் போல ஒருவர் இருப்பது சபைக்குப் பலம் என்றார். அன்று வீட்டுக்கு நிமிர்ந்துதான் நடந்துவந்தேன். அதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பட்டறை வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினார். கோபமே இல்லை. "கையெழுத்துப் போட்டது சரிதான்டே. உன் இடத்துல இருந்தா நானும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனா முதல் ஆளாவா போடணும்?" என்றார். மணியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் மனைவியோடு, என் மதினியோடு, வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். திருவிருந்து நாளில் ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போவார்கள். அவர் வரிசை வரும்போது மதினி எழுந்திருப்பார்கள். அண்ணன் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மதினிக்கும் மற்றவர்களுக்கும் வழிவிடுவார். எல்லாரும் போய்த் திரும்பி வரும்போது மறுபடி ஒதுக்கி வழிவிடுவார். நான் பாட்டுக்குழு பக்கம் உட்கார்ந்திருப்பேன். பார்க்கக் கூடாது என்றுதான் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன்.

முதல் வருஷ லெந்தில் நானே ஒரு காரியம் செய்தேன். அண்ணன் சார்பில் அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். நல்ல தமிழில், மரியாதையாக, இரண்டே வரி. கீழே கையெழுத்துப் போட்டால் போதும். அதை எங்கள் கோயில்குட்டி இஸ்ரவேலிடம் கொடுத்தனுப்பினேன். கோயில்குட்டி என்றால் தெரியும்தானே, மணியடிக்கிறது, கோயில் பெருக்குகிறது, விளக்குப் போடுகிறது எல்லாம் அவர்தான். அண்ணனைவிட ஐந்தாறு வயது பெரியவர். இரண்டு பேரும் நல்ல சேக்காளிகள்.

கடிதம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. அண்ணன் சொல்லியனுப்பியதை இஸ்ரவேல் அப்படியே ஒப்பித்தார். "வருத்தம் இல்லாம வருத்தக் கடிதம் குடுத்தா அது பொய்யில்லையாடே? பொய்யை எழுதிக் குடுத்துட்டு எந்த முகத்தோட அந்தப் பந்தியில போய் முட்டி போட? பிள்ளை நல்லா இருக்கா. எனக்கு வருத்தம் கிடையாது."

அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ஊரில் நான்தான் பேசாமல் இருந்தேன் என்பார்கள். அது சரியில்லை. அவர் கடிதம் கொடுத்ததும் பேசலாம் என்று இருந்தேன். இரண்டும் வேறு வேறு. நான் காத்துக்கொண்டிருந்தேன். மூன்று லெந்து காத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது லெந்தில் அண்ணனுக்கு உடம்பு கெட்டுவிட்டது. இருதயம் பலவீனம் என்றார்கள். கால் இரண்டும் வீங்கி, பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். எங்கள் சபையில் லெந்து நாட்களில் தினம் ஒரு வீடு என்று சாயங்கால ஜெபம் நடக்கும். பட்டியல் போடுவது நான். தேவசெய்தி கொடுப்பதும் பெரும்பாலும் நான். அண்ணன் வீட்டை நான் விட்டுவிடவில்லை, கவனியுங்கள். முறைப்படி இருபத்தாறாம் நாள் என்று போட்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தொண்டை சரியில்லை. ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரை அனுப்பிவைத்தேன்.

தொண்டை சரியில்லை என்றால் கொஞ்சம் சரியில்லை. பேச முடியாத அளவுக்கு இல்லை.

என் மனைவி எமலி போய்விட்டு வந்தாள். வந்தவள் நேரே அடுப்படிக்குள் போனாள். நானாகத்தான் கேட்டேன். அத்தான், அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், நாற்காலியில் சாய்ந்துதான் இருந்தார்கள், மூச்சு வாங்குகிறது, எல்லாருக்கும் சுக்குக்காப்பி போட்டிருந்தார்கள் என்று சொன்னாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள், "பக்கத்துல ஒரு நாற்காலி கிடந்துது. அதுல யாரையும் உக்கார விடல. அவனுக்குத் தொண்டை எப்படி இருக்குன்னு என்கிட்ட கேட்டாவ. நான் என்னத்தைச் சொல்ல?"

நான் பெரிய வெள்ளிக்கான பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி, அது என் வாழ்க்கையிலேயே நல்ல பிரசங்கம். இன்றைக்கும் வரி வரியாகச் சொல்ல முடியும். கேட்ட பிறகு கொடுப்பதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல, அது வெறும் பதில். கேட்பதற்கு முன்னாலேயே புறப்பட்டுப் போவதுதான் மன்னிப்பு. இப்படித்தான் எழுதியிருந்தேன். எமலி அதை வாசித்துப் பார்த்தாள். வாசித்துவிட்டு நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஆராதனை தொடங்கியது. எங்கள் கோயிலில் அந்த மூன்று மணி நேரமும் யாரும் உள்ளே வெளியே போகக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய வெள்ளி காலையிலிருந்து ஈஸ்டர் விடியும்வரை மணி அடிப்பதில்லை. ஊரில் சாவு விழுந்தாலும் துக்கமணி கிடையாது.

முதல் வார்த்தையைப் பேசினேன். இருபத்தைந்து நிமிஷம். ஆண்கள் பக்கத்திலேயே நான்கைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். இறங்கிவந்து உட்கார்ந்தபோது மனசு நிறைந்திருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு என் மனசு நிறைந்திருந்தது.

மூன்று மணிக்கு எல்லாரும் வெளியே வந்தோம். அண்டாவில் கஞ்சி இருந்தது. அண்ணன் இல்லாததால் வேறு யாரோ கிண்டிக்கொண்டிருந்தார்கள். இஸ்ரவேல் என்னை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூப்பிட்டார். "சார், உங்க அண்ணன் போயிட்டாவ. பன்னிரெண்டரைக்கு" என்றார்.

பன்னிரெண்டரைக்கு நான் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், "காலையில நான் அண்டா எடுக்கப் போனப்ப பேசினாவ சார். தம்பிகிட்ட சொல்லு, எனக்கு அவன் மேல ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னாவ."

இதுதான் அந்த ஒரு வரி.

அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு அண்ணன் வீட்டு வாசல்படி ஏறினேன். மறுநாள் அடக்கத்தில் ஐயர் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் அந்த வரியைச் சொன்னேன். கேட்பதற்கு முன்னாலேயே என் அண்ணன் மன்னித்துவிட்டார், நான் பிரசங்கம் பண்ணியதை அவர் செய்து காட்டிவிட்டுப் போய்விட்டார் என்றேன். கூட்டமே அழுதது. மதினி அழவில்லை. மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு மதினியிடம் மெதுவாகக் கேட்டேன். அண்ணன் அதைச் சொன்னபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்று. மதினி பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். "எதைச் சொன்னப்ப? அன்னைக்கு வெள்ளனவே, விடியும்போதே, அவுகளுக்கு நாக்கு இழுத்துட்டு. தண்ணி வேணும்னாலும் கையைத்தான் காட்டினாவ" என்றார்கள்.

அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதினி அடுப்படியில் இருந்த நேரத்தில் ஒரு நிமிஷம் பேச்சு வந்திருக்கலாம். சாகிறவர்களுக்குக் கடைசியில் தெளிவு வரும் என்பார்கள். ஒரு டாக்டரிடம்கூடக் கேட்டேன். வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார். அப்படியே சில வருஷம் ஓடியது. ஆனால் ராத்திரியில்லை, பகலில், வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கரும்பலகை முன்னால் நின்றபடியே வேறொன்று தோன்றியது. எனக்கு அவன் மேல ஒண்ணும் கிடையாது. அண்ணன் அப்படிச் சொல்வாரா? ஒண்ணும் கிடையாதா? எப்படி ஒண்ணும் இல்லாமல் இருக்கும்? மூன்று வருஷம் முழங்காலை ஒதுக்கி வழிவிட்ட மனுஷன். இல்லாத வருத்தத்தை இருக்கிறது என்று எழுத மாட்டேன் என்று திருவிருந்தையே விட்டவர், இருக்கிற வருத்தத்தை இல்லை என்று சொல்லிவிட்டா சாவார்? அவரைத் தெரிந்த எவனும் அதை நம்ப மாட்டான். நான்தான் நம்பினேன். அவரோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த நான்.

அது தோன்றிய அடுத்த வருஷத்திலிருந்து முதல் வார்த்தை பேச முடியவில்லை. தொண்டை சரியில்லை என்றே சொன்னேன்.

இஸ்ரவேலிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். தினமும் கோயிலில் பார்க்கிற ஆள்தான். பன்னிரண்டு வருஷம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே. அவர் வேலையிலிருந்து நின்று தூத்துக்குடியில் மகள் வீட்டோடு போனபோது, உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பிறகு, போன செப்டம்பரில், அவருக்கு ரொம்ப முடியவில்லை, பார்க்கிறவர்கள் பார்த்துவிடுங்கள் என்று உபதேசியார் வந்து சொன்னார். அப்போதுதான் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒரே கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் அதை உண்மையிலேயே சொன்னாரா? எப்படிக் கேட்டால் அவர் மனசு நோகாது, எப்படிக் கேட்டால் என் மனசு நோகாது என்று.

மாடி வீடு. கட்டிலில் ஒட்டிப்போய்க் கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். உட்காரவைத்தேன். மகள் காப்பி வைத்துவிட்டுப் போனாள். நான் கேள்வியைத் தொடங்கி, பாதி தூரம் போய்த் திணறிக்கொண்டிருந்தேன். அவரே கையமர்த்தினார்.

"அவரு பேசல சார்" என்றார். "நான் கதை கட்டுனேன்."

அவர் மூச்சு வாங்கி வாங்கி மீதியைச் சொன்னார். அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு அண்டா எடுக்கப் போயிருக்கிறார். அண்டாவை நிமிர்த்துகிற சத்தம் கேட்டு அண்ணன் கண்ணைத் திறந்து, இவர் கையைப் பிடித்திருக்கிறார். வாசலைக் காட்டினார், பிறகு கோயில் பக்கம் காட்டினார். பிறகு மறுபடி வாசல். மதினிதான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள், கொழுந்தனைக் கேட்காவ, போய்க் கூட்டிட்டு வாரும் என்று. இஸ்ரவேல் அண்டாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"ஓடி வந்தீரா?" என்று கேட்டேன். "எங்கே?"

"உங்ககிட்டதான். வெஸ்ட்ரிக்கு."

ஆராதனைக்கு முன்னால் ஐயர் அங்கி மாற்றுகிற அந்தச் சின்ன அறையில்தான் நான் இருந்தேன். அது எனக்கு நினைவிருக்கிறது. முழங்காலில் இருந்தேன்.

"நீங்க கண்ணை மூடி ஜெபத்துல இருந்தீய. வாசல்ல நின்னு சார்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க கண்ணைத் திறக்கல. கையை மட்டும் இப்படிக் காட்டினீய." விரல்களைத் தூக்கி, போ என்பது போலவும் பொறு என்பது போலவும் ஒரு முறை அசைத்துக் காட்டினார். "அப்புறம் ஐயர் வந்துட்டாவ. பாட்டு தொடங்கிட்டு. நான் திரும்பிப் போயி அண்டாவை எடுத்துட்டு வந்தேன். உங்க மதினி கேட்டாவ, வாரானான்னு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன். ஆராதனை முடிஞ்சு மரத்தடியில உங்களைப் பார்த்தப்ப, வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தாவன்னு எப்படிச் சொல்ல சார்? அதான் வாயில வந்ததைச் சொன்னேன்."

எனக்கு அந்தக் கை நினைவில்லை, தம்பி. சத்தியமாக நினைவில்லை. ஆனால் அது என் கைதான். வகுப்பில் பையன்கள் நடுவில் பேச வந்தால் இப்படித்தான் காட்டுவேன். அவர் காட்டியதும் தெரிந்துவிட்டது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. நான் ஜெபத்தில் இல்லை. பிரசங்கத்தின் முதல் வரியை மூன்றாவது தடவையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினியின் அந்தப் பார்வையும் புரிந்தது. இஸ்ரவேல் தலையைக் குனிந்துகொண்டு போனால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கூப்பிட்டும் நான் வரவில்லை என்றுதானே. அப்படி நினைத்துக்கொண்டேதான், அடக்கத்தில் நான் மன்னிப்பைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்டேதான் இத்தனை வருஷமும் கிறிஸ்மஸுக்கு எனக்கு முறுக்கு சுட்டு அனுப்புகிறார்கள்.

அது அப்படியில்லை மதினி, எனக்குச் சொல்லவே இல்லை என்று போய்ச் சொல்லிவிடலாம். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்திருக்கத்தான் வேண்டும். இஸ்ரவேலும், என் மேல தப்புத்தான் சார், நான் கூப்பிட்டது உங்க காதுல விழாத மாதிரி இருந்துச்சு, உங்க மேல ஒரு தப்பும் இல்ல என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். மறுபடியும் எனக்கு ஒரு வரியைக் கொடுக்கப் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இன்னொரு பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருப்பேன்.

ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கடிதம் வரட்டும் என்று மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவனை எனக்குத் தெரியும். இருபத்தாறாம் நாள் தொண்டை சரியில்லை என்று சொன்னவனையும் தெரியும். பன்னிரண்டு மணிக்குப் பேச வேண்டியவனை, சபை முழுக்கக் காத்திருக்கும்போது, பதினொன்றே முக்காலுக்கு அண்ணன் கேட்கிறார் என்று கூப்பிட்டால் அவன் என்ன செய்வான் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் முப்பது வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் இஸ்ரவேல். அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று பட்டது. அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணாச்சி, நீரு ரெண்டு தடவையோட நிக்காம, உள்ள வந்து என் தோளைத் தொட்டுச் சொல்லியிருந்தா, நான் வந்திருப்பேனா?"